சுபத்திரை தூங்கியது குற்றமா?

அபிமன்யு கதையை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணனின் தங்கை சுபத்திரை நிறைமாதக்காரி. பக்கத்தில் உட்கார்ந்து கண்ணன் சக்கர வியூகத்தை உடைத்து உள்ளே போகிற வழியைச் சொல்லிக்கொண்டே வருகிறான். "ம்... ம்..." என்று கேட்கிறது. சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் தங்கை தூங்கிவிட்டாள். ம் கொட்டியது வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை. கண்ணன் அத்தோடு நிறுத்திவிடுகிறான். உள்ளே போகத் தெரிந்த பிள்ளைக்கு வெளியே வரும் வழி தெரியாமல் போயிற்று. குருட்சேத்திரத்தில் பதினாறு வயதில் செத்தான். சில வீடுகளில் கண்ணனுக்குப் பதிலாக அர்ச்சுனன் சொல்வான். முடிவு மட்டும் எந்த வீட்டிலும் மாறாது. தாய் தூங்கினாள், பிள்ளை போனான்.

நான் சின்னமனூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சீலையம்பட்டி, மார்க்கையன்கோட்டை, ஓடைப்பட்டிப் பக்கமெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். மாசமாக இருக்கிற பெண்ணுக்கு எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் பதிவது என்று என் நாள் போகும். அந்த வீடுகளில் கர்ப்பிணியின் தூக்கத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சுகள் காதில் அப்படியே இருக்கின்றன. "மசமசன்னு தூங்கிக்கிட்டே இருந்தா புள்ள மந்தமாப் பெறக்கும்." "வெளக்கு வைக்கிற நேரத்துல என்னத்தா படுக்கை?" "பகல்ல படுத்தா புள்ளத்தலை பெருத்துப்போகும், அப்புறம் கத்திதான்." எந்தப் பேச்சும் கடைசியில் சுபத்திரையிடம் வந்து நிற்கும். "தூங்கித் தூங்கியே பெத்த புள்ளையைக் காவு கொடுத்தா. நீயும் அப்படியே கெட" என்று ஒரு மாமியார் ஐந்து மாதக்காரியிடம் சொன்னதைத் திண்ணையில் இருந்து கேட்டேன். அந்தப் பெண் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மாவாட்டப் போனாள்.

நான் சாமி கும்பிடுகிறவள். பூலாநந்தீஸ்வரர் கோயிலில் பிரதோஷத்துக்கு நிற்கிறவள். புராணம் பொய், மருத்துவம் மெய் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. புராணத்தின் பேரால் ஒரு பெண்ணின் மேல் ஒரு பழி விழுகிறது என்றால், அந்தப் பழியைப் புராணத்தின் வாசலிலேயே வைத்து விசாரிக்க வேண்டும். வயிற்றில் ஒரு உயிரைச் சுமக்கிறவள் தூங்குவது அந்த உயிருக்குச் செய்கிற துரோகமா? அவள் கண் மூடியிருக்கும்போது அந்த உயிருக்கு யார் பொறுப்பு? இதுதான் என் கேள்வி.

முதலில் சுபத்திரை வழக்கு. வியாச பாரதத்தின் துரோண பருவத்தில் அபிமன்யு தன் வாயால் சொல்வது, வியூகத்துக்குள் புகும் முறையை மட்டுமே தந்தை தனக்குக் கற்பித்தார் என்பதுதான். அம்மா தூங்கிப்போனதால் மீதி தெரியாமல் போயிற்று என்று அவன் சொல்லவில்லை. அன்றைக்கு அர்ச்சுனனைச் சம்சப்தகர்கள் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே வர எனக்குத் தெரியாது என்று பிள்ளை சொன்ன பிறகும் தர்மன் அவனை அனுப்புகிறான். உன் பின்னாலேயே நாங்கள் வந்துவிடுவோம் என்று பீமன் வாக்குக் கொடுக்கிறான். சிவனிடம் வரம் வாங்கியிருந்த சயத்ரதன் அத்தனை பேரையும் வாசலிலேயே மறித்துவிடுகிறான். உள்ளே தனியாக மாட்டிய பிள்ளையை ஆறு மகாரதர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். இதில் தூங்கியவர் யார்? எல்லாரும் விழித்திருந்தார்கள். பெரியவர்கள், ஆயுதம் பிடித்தவர்கள், தர்மம் படித்தவர்கள் அத்தனை பேரும் பட்டப்பகலில் கண் திறந்திருக்கும்போதுதான் அந்தப் பிள்ளை செத்தான்.

ஆதி பருவம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சந்திரனின் மகன் வர்ச்சஸ்தான் அபிமன்யுவாகப் பிறந்தான் என்றும், மகனைப் பிரிந்திருக்க மனமில்லாத சந்திரன் பதினாறு ஆண்டு மட்டும் என்று தவணை வைத்து அவனைப் பூமிக்கு அனுப்பினான் என்றும் அங்கே சொல்லியிருக்கிறது. சுபத்திரை வயிற்றில் கரு தங்குவதற்கு முன்னாலேயே கணக்கு எழுதப்பட்டாயிற்று. அவள் பத்து மாதமும் இமை கொட்டாமல் உட்கார்ந்திருந்தாலும் அந்தத் தவணை ஒரு நாள் கூடியிருக்காது.

அப்படியென்றால் தூங்கிய தாயின் கதை எங்கிருந்து வந்தது? சனங்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை அது. நாட்டுப்புறக் கதையை நான் மட்டமாக நினைக்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்குக் காது உண்டு என்ற உண்மையை அது சொல்கிறது. 1986இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரம் தாய்மாரை ஒரே குழந்தைக் கதையைத் தினமும் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். பிறந்த பிள்ளைகள் புதுக்கதையை விட அந்தக் கதையைக் கேட்கவே ஆசைப்பட்டதைச் சூப்பும் வேகத்தை அளந்து காட்டினார்கள். நம் பாட்டிமார் சொன்ன ம் கொட்டலில் அவ்வளவு உண்மை இருந்திருக்கிறது. ஆனால் அதே அறிவியல் இன்னொன்றையும் சொல்கிறது. நிறைமாதப் பிள்ளை வயிற்றுக்குள் பெரும்பொழுது தூங்கிக்கொண்டேதான் இருக்கும். இருபது முதல் நாற்பது நிமிடம் வரை அசையாமல் தூங்குவதும், பிறகு கொஞ்சம் புரள்வதும், திரும்பத் தூங்குவதுமாகவே அதன் நாள் கழியும். சுபத்திரை விடிய விடிய விழித்துக் கேட்டிருந்தாலும் அபிமன்யு பாதிக் கதையில் தூங்கியிருப்பான். பிள்ளை தூங்கினால் அழகு என்கிறோம், தாய் தூங்கினால் பழி என்கிறோம். இந்த ஓரவஞ்சனை கதையில் இல்லை, கதை சொல்கிற வாயில் இருக்கிறது.

பாகவதத்தில் இன்னொரு கர்ப்பிணி இருக்கிறாள். பிரகலாதனின் தாய் கயாது. புருஷன் தவம் செய்யப் போன நேரத்தில் இந்திரன் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். நாரதர் வழி மறித்து விடுவித்து, உன் புருஷன் திரும்பி வரும் வரை இங்கேயே இரு அம்மா என்று தன் ஆசிரமத்தில் இடம் கொடுக்கிறார். அங்கேதான் அவளுக்கு உபதேசம் நடக்கிறது. பின்னாளில் பிரகலாதன் சொல்கிறான்: தாய் அதை மறந்துபோனாள், நான் மறக்கவில்லை. தாய் மறந்ததால் பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை. அசுரர் குலத்துப் பெண் என்று பாராமல், பயமில்லாமல் படுத்து எழ ஓர் இடம் கொடுத்தாரே நாரதர், பிள்ளைக்கு முதலில் கிடைத்த ஞானம் அந்த இடம்தான் என்பேன். கயாது கதையை எந்த மாமியாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

தூக்கத்தின் மேலேயே நம் நூல்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு என்பதை மறைக்க முடியாது. திருக்குறள் மடியின்மை அதிகாரத்தில் கெட்டுப்போகிறவர் விரும்பி ஏறும் நான்கு கலங்களில் ஒன்றாகத் தூக்கத்தை வைக்கிறது. தூக்கத்திலும் சோம்பலிலும் வருகிற சுகம் தாமசம் என்கிறது கீதையின் பதினெட்டாம் அத்தியாயம். சிவராத்திரிக்குக் கண் விழிக்கிறோம், ஏகாதசிக்குக் கண் விழிக்கிறோம். விழித்திருப்பது தவம், தூங்குவது தளர்ச்சி என்பது நம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது. ஆனால் வள்ளுவர் பேசுவது மன்னனிடமும் கடமை உள்ளவனிடமும். செய்ய வேண்டியதைச் செய்யாமல் தூங்குகிறவனைத்தான் அவர் கண்டிக்கிறார். கீதையும் ஆறாம் அத்தியாயத்தில், அதிகம் தூங்குகிறவனுக்கு யோகம் இல்லை என்று சொன்ன கையோடு, தூங்காமலே கிடக்கிறவனுக்கும் யோகம் இல்லை என்கிறது. சரி, கர்ப்பிணி எந்தக் கடமையை விட்டுவிட்டுத் தூங்குகிறாள்? உள்ளே ஓர் உடம்பு உருவாகிக்கொண்டிருக்கிறது. அவள் படுத்திருக்கும்போதும் அந்த வேலை ஒரு நொடி நிற்பதில்லை.

இங்கேதான் எனக்குச் சைவ சித்தாந்தம் துணைக்கு வருகிறது. ஓய்வு பெற்ற பிறகு சித்தாந்த வகுப்பில் சேர்ந்து சிவஞானபோதம் கேட்டேன். அதன் நான்காம் சூத்திரம் உயிருக்கு ஐந்து அவத்தைகள் சொல்கிறது: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல். நனவில் உயிர் புருவ நடுவில் இருக்கும், கனவில் கழுத்துக்கு இறங்கும், உறக்கத்தில் இதயத்துக்கு வந்துவிடும் என்று விளக்குவார்கள். நனவில் முப்பத்தைந்து கருவிகளோடு ஓடியாடிய உயிர், உறக்கத்தில் சித்தம், பிராணன், புருடன் என்ற மூன்றோடு மட்டும் நிற்கும். கண்ணும் காதும் கையும் காலும் வேலையை விட்டுவிட்டன. அகங்காரமும் கழன்றுவிட்டது. மூச்சு மட்டும் ஓடுகிறது. அந்த நேரத்தில் உயிரைத் தாங்குவது யார்? இறைவன்தான் என்பது சித்தாந்தத்தின் பதில். விழித்திருக்கும்போதும் அவனே தாங்குகிறான். ஆனால் அப்போது நான்தான் தாங்குகிறேன் என்ற நினைப்பு நமக்கு இருக்கும். தூங்கும்போது அந்த நினைப்பும் போய்விடுகிறது. மாண்டூக்கிய உபநிடதமும் ஆழ்ந்த உறக்கத்தை ஆனந்தமயம் என்றுதான் பேசுகிறது. திருச்சுழியில் பிறந்து திருவண்ணாமலையில் அமர்ந்த ரமணரும், தூக்கத்தில் நீ இல்லாமலா போனாய் என்று வந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். தூங்குகிறவர் எங்கேயும் போய்விடவில்லை. பொறுப்பை உரியவனிடம் கொடுத்துவிட்டு இருக்கிறார்.

கர்ப்பத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். பிள்ளையின் விரலில் நகம் எந்த நாள் முளைத்தது என்று எந்தத் தாய்க்காவது தெரியுமா? கண்ணுக்கு இமை எப்போது பிரிந்தது என்று தெரியுமா? திருமூலர் திருமந்திரத்தில் கருவைப் பற்றியே தனியாகப் பாடியிருக்கிறார். அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் தெரியாமல் நடக்கிற வேலை அது, செய்கிறவன் வேறொருவன் என்பது அங்கே அவர் சொல்லும் கருத்து. மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் முதல் மாதம் தொடங்கிப் பத்தாம் மாதம் வரை கருவுக்கு வருகிற ஆபத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றிலிருந்தும் அந்த உயிர் பிழைத்து வருவதைச் சொல்கிறது. அத்தனை ஆபத்தையும் எண்ணியவர், ஓர் இடத்திலாவது தாய் தூங்கினாள், அதனால் வந்தது என்று சொல்லவில்லை.

அப்படியென்றால் தாய்க்கு ஒரு பொறுப்பும் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. சாப்பிட வேண்டும், மாத்திரை போட வேண்டும், பிள்ளை அசைகிறதா என்று கவனிக்க வேண்டும். கடமை வேறு, குற்றம் சாட்டுவது வேறு. சித்தாந்தத்தில் உயிர்கள் பல. ஒவ்வொன்றும் தன் வினையைத் தானே சுமந்து வருகிறது. வயிற்றுப் பிள்ளை தாயின் உடம்புக்குள் இருக்கிறது, ஆனால் அது தனி உயிர். தாயின் மடியில் இடம் வாங்கியிருக்கிறது, தாயின் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. பிள்ளையை இழந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு மத்தியானம் அசந்து தூங்கிட்டேன் நர்சம்மா, அதனாலயா?" என்று கேட்டிருக்கிறார்கள். வினைக் கொள்கையைப் படித்த எவரும் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அது சமயத்துக்கு விரோதம்.

இனி நான் வேலையில் கற்றதைச் சொல்கிறேன். முதல் மூன்று மாதத்தில் வருகிற அசதியும் தூக்கமும் சோம்பல் இல்லை. புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பு உடம்பில் கூடுவதுதான் பெரிய காரணம். கடைசி மூன்று மாதத்தில் நிலைமை தலைகீழ். கருப்பை மூத்திரப்பையை அழுத்தும், நெஞ்செரிச்சல் எழும்பும், இடுப்பு வலிக்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். சிலருக்குப் படுத்ததும் கால் ஓரிடத்தில் நிற்காது, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும். இரும்புச்சத்துக் குறைவோடு இதற்குத் தொடர்பு உண்டு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தூக்கம் வராதவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தைத்தான். முன்பு குறட்டை விடாதவள் மாசமான பிறகு சத்தமாகக் குறட்டை விட்டால் அதையும் செவிலியரிடம் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம் கூடுவதோடு அது சேர்ந்து வருவதுண்டு.

தூக்கம் குறைந்தால் என்ன ஆகும்? 2004இல் சான் பிரான்சிஸ்கோவில் தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. கடைசி மாதத்தில் இரவில் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு வலி நீண்டது, சிசேரியன் ஆகும் வாய்ப்பு நாலரை மடங்கு கூடியது. பகலில் படுத்தால் கத்தி என்று பயமுறுத்துகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். தூங்க விடாத வீட்டில்தான் கத்திக்கு வழி அதிகம்.

படுக்கும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. எந்திரிச்சு உட்கார்ந்து, அப்புறம் திரும்பிப் படு, இல்லாவிட்டால் கொடி சுற்றிக்கொள்ளும் என்பார்கள். தாய் புரள்வதால் கொடி சுற்றுவதில்லை. பிள்ளை தானே நீந்திப் புரள்வதில்தான் சுற்றும். பெரும்பாலும் தீங்கும் வராது. இரவில் பல தடவை ஒருத்தியை முழுக்க எழுப்பி உட்கார வைத்தால் அவள் தூங்குவது எப்படி? மருத்துவம் சொல்வது வேறு. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கப் போக வேண்டாம், ஒருக்களித்துப் படுங்கள் என்கிறது. மல்லாந்தால் கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, பிள்ளைக்குப் போகிற ரத்தம் குறையலாம். ஐந்து ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வெளியான கட்டுரை, மல்லாந்து தூங்கப் போனவர்களுக்குப் பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்று சொன்னது. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவு பாதுகாப்பு என்பதையும் அதே கட்டுரை காட்டியது.

இதைச் சொல்கிற இடத்தில் மருத்துவத் துறையில் இருக்கிற என் தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் புள்ளிவிவரத்தையே இன்னொரு சுபத்திரைக் கதையாக ஆக்கிவிடாதீர்கள். "மல்லாக்கப் படுத்தா புள்ள செத்துப்போகும்" என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு நாம் போய்விடுவோம். அவள் அன்றிலிருந்து பயத்தில் தூங்க மாட்டாள். அப்படி இறக்கும் பிள்ளைகள் குறைவு. இரண்டரை மடங்கு ஆனாலும் அது சிறிய எண்தான். கவனிக்க வேண்டியது தூங்கப் போகும்போது எப்படிப் படுக்கிறோம் என்பதைத்தான். நடுராத்திரி விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறோமா, திரும்பிப் படுத்துத் தூங்கினால் போதும். தூங்கும் உடம்பு புரள்வதற்கு யாரும் பொறுப்பாக முடியாது. பாரதத்தின் பேரால் பழைய வாய் சுமத்திய பழியை, மருத்துவத்தின் பேரால் புதிய வாய் சுமத்தக் கூடாது.

உத்தமபாளையத்துக் குன்றில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. அந்தப் பாறைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் மகாவீரரின் தாய் திரிசலை நினைவுக்கு வருவாள். அவள் தூங்கும்போது கண்ட கனவுகளால்தான் வரப்போகிறவர் யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. திகம்பரர் பதினாறு கனவு என்பார்கள், சுவேதாம்பரர் பதினான்கு என்பார்கள். புத்தரின் தாய் மாயாதேவி வெள்ளை யானையைக் கண்டதும் தூக்கத்தில்தான். இந்தத் தாய்மாருக்குத் தூக்கம் குற்றமாகவில்லை, வாசலாக இருந்தது. சுவேதாம்பரரின் கல்பசூத்திரத்தில் இன்னொரு செய்தி உண்டு. தாய்க்கு நோகக் கூடாதே என்று மகாவீரர் வயிற்றுக்குள் அசையாமல் இருந்தாராம். அசைவு நின்றதும் பிள்ளை போய்விட்டதோ என்று திரிசலை கலங்கி அழுதாள். அதை உணர்ந்து அவர் லேசாக அசைந்தார். கர்ப்பிணியின் மனத்தை அறிந்தவர் யாரோ எழுதியது அது. அசைந்தால் தூக்கம் போகும், அசையாவிட்டால் உயிரே போகும். எங்கள் பெண்களுக்கும் அதையே சொல்வோம்: வழக்கமான அசைவு குறைந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்கு வா.

இனி மிச்சமிருப்பது, தூங்குகிறவளுக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பது. இதற்கும் பாரதத்திலேயே விடை இருக்கிறது. போர் முடிந்த இரவில் தூங்குகிறவர்களைக் கொல்லப் புறப்படும் அசுவத்தாமனிடம் கிருபர் மன்றாடுகிறார். தூங்குகிறவரைத் தாக்குவது தர்மம் இல்லை என்கிறார். கேட்காமல் போனவன் கடைசியில் அபிமன்யுவின் மனைவி உத்தரையின் கர்ப்பத்தின் மேலேயே அத்திரம் விடுகிறான். தூங்குகிறவர் மேல் கை வைக்கத் துணிந்தவனுக்குக் கருவும் தப்பாது என்று அந்த வரிசை எனக்குச் சொல்கிறது.

மதுரை மீனாட்சி கோயிலில் நாள்தோறும் இரவில் பள்ளியறைப் பூசை நடக்கிறது. சுவாமியின் பாதத்தைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, இசை முழங்க அம்மன் பள்ளியறைக்குக் கொண்டுபோய், நிவேதனம் செய்து, கதவைச் சாத்துகிறார்கள். காலையில் திருப்பள்ளியெழுச்சி. தூக்கமே தேவைப்படாத கடவுளைத் தூங்க வைக்க நாம் இத்தனை மரியாதை செய்கிறோம். தூக்கம் உயிருக்கு உயிராகத் தேவைப்படுகிற கர்ப்பிணிக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு போட்டு அனுப்பிவிடுகிறோம். அவள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள், எங்கே படுக்கிறாள், எத்தனை தடவை எழுகிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அவள் படுகிற பாடு இது. விடியும் முன்னே ஏலத்தோட்டத்து ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத் தோட்டங்களுக்கு ஏற வேண்டும். போகிறவள் மூன்று மணிக்கே எழுந்து சோறு பொங்கித் தூக்குவாளியில் அடைக்க வேண்டும். வயிறு தெரிகிற வரைக்கும் போகிறவர்கள் உண்டு, தெரிந்த பிறகும் போகிறவர்கள் உண்டு. போகாமல் வீட்டில் இருந்தாலும், போகிற மாமியாருக்கும் நாத்தனாருக்கும் சோறு பொங்க அவள்தான் எழ வேண்டும். இராத்திரி வாழைக்கு முறைத் தண்ணீர் பாய்ச்சப் போன புருஷன் வந்து கதவைத் தட்டினால் எழ வேண்டும். பல வீடுகளில் கழிப்பறை வெளியே. நிறைமாதக்காரி இருட்டில் தனியாகப் படி இறங்கப் பயந்து, ஆளை எழுப்பவும் கூச்சப்பட்டு, சாயந்திரத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் கிடப்பாள். அதனால் மூத்திரக் கடுப்பு வரும், திரும்பவும் தூக்கம் போகும். சித்திரை வெக்கையில் ஒரே மின்விசிறி மாமனார் படுக்கிற அறையில் சுற்றும். இதில் எந்த இடத்தில் அவள் சோம்பேறி?

திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் இருக்கிறார். செட்டிப்பெண் இரத்தினாவதிக்குப் பேறுகாலம். ஊரிலிருந்து புறப்பட்ட தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையில் நின்றுவிட்டாள். இறைவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தான் என்பது தலபுராணம். கடவுள் அங்கே அவளிடம் விரதம் கேட்கவில்லை, கண் விழிக்கச் சொல்லவில்லை. அவளுக்குப் பதிலாகத் தான் கண் விழித்தான். இதுதான் நம் சமயம் கர்ப்பிணி விஷயத்தில் சொன்ன தர்மம் என்று நான் நம்புகிறேன். ஒருத்தி நிம்மதியாகத் தூங்க வேண்டுமானால் இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். சிவராத்திரி விழிப்புக்குப் பலன் உண்டு. நிறைமாதக்காரி தூங்குவதற்காக விழிக்கிற விழிப்புக்கும் அதே பலன் உண்டு.

ஆகவே என் தீர்ப்பு இது. சுபத்திரை தூங்கியது குற்றமில்லை. வெளியே வரத் தெரியாத பிள்ளையை விழித்துக்கொண்டே உள்ளே அனுப்பினார்களே, அதுதான் குற்றம். பேத்திக்கு அபிமன்யு கதை சொல்கிற ஆத்தாமார் இனி இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். கயாது கதையையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மாசமாக இருக்கிற பெண் இருந்தால் மின்விசிறியை அவள் பக்கம் திருப்புங்கள். வெளியே போகிற வழியில் ஒரு விளக்கு போடுங்கள். இராத்திரி அவள் எழுந்தால் கூடவே எழுந்து போங்கள். மத்தியானம் அவள் கண் அசந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். நாளைக் காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து நீங்கள் அடுப்பைப் பற்றவையுங்கள்.